புல் ஓமந்தையில், சாணம் கொழும்பில்: பத்தாண்டு தீவனப்புல் கண்ட ஒரு மேட்டுக்காணியின் நிகழ்வு ஆய்வு

வெள்ளவத்தையில் நான் இருக்கும் தொடர்மாடியின் பல்கனியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று நிற்கிறது. 2023 ஜூலையில் அதற்கென்று காலி வீதிப் பக்கம் பூங்கன்று விற்கும் இடத்தில் ஒரு பை மாட்டெரு வாங்கி வந்தேன். நன்றாகக் காய்ந்து பொருபொருவென்று இருந்தது. பையின் வாயை நீல நைலோன் நூலால் குறுக்குமறுக்காகத் தைத்திருந்தார்கள். அதே கிழமை ஓமந்தையிலிருந்து சித்தப்பா தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, றோட்டுத்தறைப் புல்லு கருகுது. தண்ணி விட்டாலும் எழும்புதில்லை. நீ மண் பாக்கிற வேலைதானே செய்யிறாய், ஒருக்கா வந்து பாரன்."

அந்தப் பைக்கும் இந்த அழைப்புக்கும் தொடர்பு இருப்பது விளங்க எனக்கு ஆறேழு மாதம் சென்றது. கொழும்பில் ஒரு மண், நீர் ஆய்வுகூடத்தில் பல வருடமாக வேலை செய்கிறேன். தேயிலைத் தோட்டத்து மண், தென்னங்காணி மண், வீடு கட்டப்போகிறவர்களின் கிணற்றுத் தண்ணீர் என்று ஆயிரக்கணக்கான மாதிரிகள் என் மேசையைக் கடந்திருக்கின்றன. என் குடும்பத்துக் காணி மண் வந்தது அதுதான் முதல் தடவை. வழக்கமாக ஒரு மாதிரியின் முடிவை அச்செடுத்து உறையில் போட்டு அனுப்பியதும் என் வேலை முடிந்துவிடும். இந்த முறை முடிவுக்குப் பிறகுதான் வேலையே தொடங்கியது. அதனால்தான் இதை முழுதாக எழுதி வைக்கிறேன்.

காணியும் அதன் பத்து வருடமும்

ஓமந்தை ஏ9 வீதியில், வவுனியாவுக்கு வடக்கே இருக்கிறது. மண் செங்கபில மண். உலர் வலயத்தில் பரவலாகக் காணப்படும் வகை அது. ஈரத்தில் காலோடு ஒட்டும், காய்ந்தால் அலவாங்கு போட்டாலும் அதிரும். ஒரு மீற்றரோ சற்றுக் கூடவோ தோண்டினால் கீழே சரளையும் உக்கிய பாறையும் வந்துவிடும்.

கொழும்பில் இருக்கிறவர்களுக்கு இந்த 'உலர்' என்ற சொல் சில வேளை குழப்பம் தரும். இலங்கையில் ஆண்டுக்கு 1750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் பகுதியைத்தான் உலர் வலயம் என்கிறோம். தீவின் பெரும்பகுதி அதற்குள்தான் அடங்கும். வவுனியாவில் சுமார் 1400 மில்லிமீற்றர் பெய்யும். அது ஒன்றும் பாலைவனத்து மழை அல்ல. ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி முடியுமுன்னமே கொட்டித் தீர்ந்துவிடும். வைகாசியிலிருந்து புரட்டாதிவரை வானம் வெளித்து, சோளகக் காற்று மண்ணிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். ஆண்டு முழுதும் பச்சையாக நிற்க வேண்டிய ஒரு பயிர் அந்த ஐந்து மாதத்தை எப்படிக் கடக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி.

சித்தப்பா இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது மூன்று ஏக்கர் மேட்டுக்காணியும் கினிப்புல்லும் இப்பில் இப்பிலும் மூடிய பற்றைக்காடாகக் கிடந்தது. 2013இல் வீட்டோடு சேர்ந்த ஒரு ஏக்கரைத் துப்புரவாக்கி சி.ஓ.3 புல் வைத்தார். கோயம்புத்தூரில் உருவாக்கிய கம்பு–நேப்பியர் கலப்பினம் அது, 'சி.ஓ.' என்பதே அந்த ஊரின் பெயர்தான். கட்டையை ஊன்றிவிட்டால் நாற்பத்தைந்து, ஐம்பது நாளுக்கு ஒருமுறை வெட்டலாம், மறுபடி உழத் தேவையில்லை. நான்கு மாடுகளுக்கு அந்த ஒரு ஏக்கர் போதுமாக இருந்தது. அதை எல்லாரும் வீட்டுத்தறை என்பார்கள்.

2016 பெரும்போக மழை பொய்த்து, 2017இல் நாடே வறண்டது. அந்த வருடம் புல் வைத்திருந்தவனிடம்தான் மாடு நின்றது. அதைப் பார்த்த தெம்பில் 2017 ஐப்பசியில் வீதியோரத்து ஏக்கரிலும் புல் ஊன்றினார். அதுதான் றோட்டுத்தறை. அந்தப் புல் தன் மாட்டுக்கு அல்ல. கொழும்புக்கு வெளியே, பாதுக்கைப் பக்கம் இருந்த ஒரு பாற்பண்ணை வாங்கச் சம்மதித்தது. வெட்டி, நறுக்கி, கறுப்புப் பொலித்தீன் பைகளில் காற்றுப் போகாமல் அமத்திச் சைலேஜாக்கி (புளிக்க வைத்த தீவனமாக்கி), யாழ்ப்பாணத்துக்குச் சாமான் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லொறிகளில் ஏற்றிவிடுவார்கள். கையில் காசு, கூலிக்கு ஆள், லொறிக்குத் திரும்பு சவாரி. 2018இலிருந்து ஐந்து வருடம் இந்த ஏற்பாடு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

மூன்றாவது ஏக்கரில் வருடா வருடம் உழுது சோளமும் உழுந்தும் போட்டார். வேலி ஓரத்தில் ஒருநாளும் உழாத பற்றை ஒரு கீலமாக மிஞ்சிக் கிடந்தது. ஆக ஒரே காணிக்குள், ஒரே மழைக்குக் கீழே, நான்கு விதமாக நடத்தப்பட்ட மண். திட்டமிட்டு வகுத்த பரிசோதனை அல்ல இது, 2013இல் யாரும் மாதிரி எடுத்து வைக்கவுமில்லை. ஆனாலும் எங்கள் துறையில் இப்படி ஒரு காணி கையில் கிடைப்பது அருமை.

முதல் பார்வை

ஓகஸ்டில் போனேன். இரவு பஸ்ஸில் ஏறி விடியற்புறம் ஓமந்தையில் இறங்கி, முகம் கழுவுமுன் நேரே றோட்டுத்தறைக்கு நடந்தேன்.

புல் காய்ந்திருக்கவில்லை. அதுதான் முதலில் கண்ணில் பட்டது. குருத்து பச்சையாக இருந்தது. கீழ் இலைகள்தான் நுனியில் தொடங்கி இரு ஓரமும் பழுப்பேறி, நடு நரம்பை ஒட்டி மட்டும் பச்சை மிஞ்சி நின்றன. தண்ணீர் போதாத புல் முழுதாகச் சுருளும். பழைய இலையின் விளிம்பு மட்டும் தீய்ந்தால் பொட்டாசியத்தை நினைக்க வேண்டும். செடி தனக்குப் போதாதபோது கிழட்டு இலையிலிருந்து பிடுங்கிக் குருத்துக்குக் கொடுக்கும். சந்தேகம் அங்கேயே வந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. ஆய்வுகூடத்துக்குப் போகுமுன் தீர்ப்புச் சொல்லி ஒரு விவசாயியைப் பசளைக் கடைக்கு அனுப்பிவிடும் பழக்கத்தின் விளைவை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு தறையிலும் குறுக்கும் மறுக்குமாக நடந்து பதினைந்து இருபது இடத்தில் மண்வெட்டியால் ஆங்கில வீ எழுத்துப் போல ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி, அதன் சரிவிலிருந்து ஒரு சீவல் மண் எடுத்தோம். வாளியில் கலந்து, சாக்கில் பரப்பி, நாலாகப் பிரித்து இரண்டை எறிந்து, மிஞ்சியதை மறுபடி பிரித்து, கடைசியில் அரைக் கிலோ. நிழலில் உலர்த்தவேண்டும். சித்தி விறாந்தையில் பழைய பத்திரிகைகளை விரித்துத் தந்தார்.

மாதிரி உலரும் இரண்டு நாளில் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்றைச் செய்தேன். மூன்று கண்ணாடித் தம்ளர் நிறையத் தண்ணீர். சோளத்தறை, வீட்டுத்தறை, றோட்டுத்தறை மூன்றிலிருந்தும் பாக்கு அளவு காய்ந்த கட்டி ஒவ்வொன்று. சோளத்தறைக் கட்டி தண்ணீரில் விழுந்ததும் குமிழி விட்டு, ஓரம் உதிர்ந்து, நான் தேத்தண்ணி குடித்து முடிக்குமுன் அடியில் சேறாகப் படுத்துவிட்டது. மேலே தண்ணீர் செம்மையாகக் கலங்கி நின்றது. மற்ற இரண்டும் அப்படியே இருந்தன. மத்தியானம் வந்து பார்த்தபோதும் இருந்தன. வீட்டுத்தறைக் கட்டியிலிருந்து தலைமயிரை விட மெல்லிய வெள்ளை வேர்கள் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நின்றன.

சித்தப்பா குனிந்து மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப புல்லு மண்ணைக் கெடுக்கேல்லைத்தானே பிள்ளை?"

கெடுக்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் கணக்கைப் படித்துவிட்டுப் புல்லே கூடாது என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. பல்லாண்டுப் புல் மண்ணுக்குச் செய்யும் பெரிய நன்மை கண்ணால் காணக்கூடியது. உழவு இல்லை. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் வேரின் ஒரு பகுதி செத்து மண்ணுக்குள்ளேயே உக்குகிறது. வேரோடு வாழும் பூஞ்சை நூல்கள் மண்துகள்களைப் பிணைத்து வைக்கின்றன. மழைத்துளி அடித்தாலும் அந்தத் திரள் உடைவதில்லை, அதனால் மேற்பரப்பு மெழுகினது போல இறுகுவதுமில்லை. தண்ணீர் உள்ளே இறங்குகிறது. செங்கபில மண்ணுக்கு இதைவிடச் சிறந்த மருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

குழியும் கிணறும்

மூன்றாம் நாள் இரண்டு குழி வெட்டினோம், ஒன்று சோளத்தறையில், மற்றது றோட்டுத்தறையில். இடுப்பளவு ஆழம். சோளம் ஆனி முடியுமுன் அறுத்தாயிற்று, தறை வெறுமையாகக் கிடந்தது. மேலே முழத்துக்கு மண் கல்லாகக் காய்ந்திருந்தாலும் அதற்குக் கீழே கையில் உருட்டினால் பிடிபடும் ஈரம் இருந்தது. றோட்டுத்தறையில் மேலே ஒரு சாண் நேற்றைய இறைப்பில் நனைந்திருந்தது. கீழே சரளை வரைக்கும் பொடி. அலவாங்கு பட்ட இடத்தில் புழுதி எழும்பியது. அந்தப் பொடிக்குள்ளும் வேர் ஓடியிருந்தது.

பல்லாண்டுத் தீவனப்பயிரைப் பற்றிப் பேசும்போது உலகம் முழுதும் எடுத்துக்காட்டப்படுவது சீனாவின் லோயஸ் மேட்டுநிலம். காற்று கொண்டுவந்து குவித்த மண், சில இடங்களில் நூறு மீற்றருக்கும் மேல் தடிப்பு. மண்ணரிப்பைத் தடுக்க அங்கே சரிவுகளில் குதிரைமசால் (லூசேர்ன்) பயிரிட்டார்கள். 1999க்குப் பிறகு சரிவு வயல்களைப் புல்லுக்கும் மரத்துக்கும் திருப்பும் அரச திட்டம் அதைப் பெரிதாக்கியது. குதிரைமசால் அவரை இனம், காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்துத் தரும், மண்ணின் சேதனக் காபனையும் (உக்கிய தாவர, விலங்குப் பொருளில் உள்ள காபன்) கூட்டும். ஆனால் அதன் வேர் பல மீற்றர் ஆழம் போய், ஆண்டுதோறும் பெய்யும் மழை திருப்பிக் கொடுக்க முடியாத அளவு தண்ணீரை எடுத்தது. ஆழத்தில் ஒரு வறண்ட படை உருவானது. புல்லை உழுது புரட்டின பிறகும் அந்தப் படை மீண்டும் நனையப் பல வருடம் எடுக்கிறது.

அதே பாடம் வன்னிக்கு அப்படியே பொருந்துமா என்று குழிக்குள் நின்றபடி யோசித்தேன். பொருந்தாது. எங்கள் மண் மெலிந்தது. மாரி ஒழுங்காகப் பெய்தால் ஒரு மீற்றர் மண் நனைய ஒரு மாதமே அதிகம். 2024 தைமாதம் அதே இடங்களில் தோண்டிப் பார்த்தபோது இரண்டு தறையிலும் சரளை வரைக்கும் ஈரம் ஒரே மாதிரித்தான் இருந்தது. இங்கே வேர் எடுக்கும் கடன் மண்ணில் சேர்வதில்லை, கிணற்றில்தான் தெரிகிறது. எங்கள் பக்கத்து விவசாயக் கிணறுகள் பாறைக்கு மேலே உக்கிய படையில் தேங்கும் தண்ணீரைத்தான் எடுக்கின்றன. மாரியில் விளிம்புக்கு வரும், ஆடி ஆவணியில் அடியைக் காட்டும். ஒரு ஏக்கர் புல் இருந்தபோது ஆவணி கடைசிவரை பம்ப் ஓடியது என்றும், இரண்டு ஏக்கரான பிறகு ஆடிப்பிறப்போடேயே இரண்டு மணித்தியாலத்தில் காற்று இழுக்கத் தொடங்கியது என்றும் சித்தப்பா சொன்னார். பக்கத்துக் காணிக்காரருக்கும் அதே நீர்ப்படைதான். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை என்று சித்தி மெதுவாகச் சொன்னது மனதில் நிற்கிறது.

2016ஐப் போல மாரி பொய்த்தால் மட்டும் வன்னியும் லோயஸ் ஆகிவிடும். நனையாத மண்ணோடு அடுத்த கோடைக்குள் போக வேண்டிவரும்.

மேசையில் கண்டது

கொழும்புக்கு வந்து மாதிரிகளை இரண்டு மில்லிமீற்றர் அரிதட்டில் அரித்தேன். சேதனக் காபனை நாங்கள் இன்னமும் வோக்லி–பிளாக் முறையில்தான் பார்க்கிறோம், 1934இலிருந்து இருக்கிற முறை. அரைக் கிராம் மண்ணில் செம்மஞ்சள் நிற இருகுரோமேற்றுக் கரைசலும் செறிந்த சல்பூரிக் அமிலமும் விட்டால் குடுவை கை பொறுக்காத சூடேறும். மண்ணிலுள்ள காபன் எரிய எரியச் செம்மஞ்சள் பச்சையாக மாறும். எவ்வளவு பச்சையோ அவ்வளவு காபன். அரை மணித்தியாலத்தில் நான்கு குடுவையும் வரிசையில் நின்றன. சோளத்தறைக் குடுவை இன்னும் மஞ்சள் கலந்து நிற்க, புல்தறைகள் இரண்டும் பாசிப்பச்சை, வேலியோரப் பற்றை அதைவிடக் கருமை. மிஞ்சிய இருகுரோமேற்றை நியமிப்பு முறையில் அளந்தபோதும் அதே வரிசைதான் வந்தது. உழாத பற்றை முதலில், வீட்டுத்தறை அடுத்தது, றோட்டுத்தறை அதற்குக் கிட்ட, சோளத்தறை தொலைவில் கடைசி.

இதோடு நிறுத்தியிருந்தால் 'மண் நலமாக உள்ளது' என்று அறிக்கை எழுதியிருக்கலாம். காபன் இருக்கிறது, கட்டி கரையவில்லை, மண்புழு எச்சம் கிடக்கிறது. மண்வளத்தை ஒற்றை எண்ணால் சொல்லிவிடலாம் என்ற எண்ணம் இப்போது பரவி வருகிறது, அந்த எண் பெரும்பாலும் காபனாகத்தான் இருக்கிறது. அந்த எண்ணத்தின் ஆபத்தை இந்தக் காணிதான் எனக்குக் காட்டியது.

பொட்டாசிய முடிவு அடுத்த நாள் வந்தது. எங்கள் அறிக்கைத் தாளில் ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே குறைவு, நடுத்தரம், போதுமானது என்று ஒரு சொல் அச்சாகும். பற்றை: போதுமானது. வீட்டுத்தறை: போதுமானது. சோளத்தறை: நடுத்தரம். றோட்டுத்தறை: குறைவு. மாதிரி மாறிவிட்டதோ என்று மறுபடி பிரித்தெடுத்து ஓட்டினேன். மாறவில்லை.

ஒரே புல், ஒரே மண். ஒன்றில் பத்து வருடம் வெட்டியும் குறையவில்லை, மற்றதில் ஐந்தாறு வருடத்தில் அடி தெரிந்துவிட்டது.

கணக்கு

கடதாசி எடுத்துக் கணக்குப் போட்டேன். யாரும் தன் காணிக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குத்தான்.

ஏக்கருக்கு வருடம் 40 தொன் பச்சைப்புல் என்று வைப்போம். சி.ஓ.3க்கு இது மிகக் குறைத்த எண். புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். உலர்ந்தால் 8 தொன். அதில் பொட்டாசியம் நூற்றுக்கு 2, நைதரசன் ஒன்றரை, பொசுபரசு கால் என்று எடுத்தால், வருடத்துக்கு 160 கிலோ பொட்டாசியம், 120 கிலோ நைதரசன், 20 கிலோ பொசுபரசு அந்த ஏக்கரை விட்டு வெளியே போகின்றன. நெல்லோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிது என்று தெரியும். ஒரு தொன் நெல்மணியில் ஏறத்தாழ 3 கிலோ பொட்டாசியம்தான் இருக்கும், மிச்சம் வைக்கோலில் தங்கிவிடும். எங்கள் தாத்தாமார் நெல்லை விற்று வைக்கோலை வைத்துக்கொண்டதால்தான் வயல் நின்றது. புல் விற்கிறவர் வைக்கோலையே விற்கிறவர்.

மண்ணில் எவ்வளவு இருக்கிறது? ஒரு ஏக்கரின் மேல் 20 சென்ரிமீற்றர் மண் கிட்டத்தட்ட 1130 தொன் நிறை. கிலோவுக்கு 150 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ள நல்ல மண் என்றாலும் மொத்தம் 170 கிலோதான். ஒரு வருட வெட்டு அந்தக் கையிருப்பு முழுவதற்கும் சமன். பிறகு எப்படி ஐந்து வருடம் தாக்குப்பிடித்தது? மண்ணிலுள்ள கனிமத் துகள்கள் மெதுவாகப் பொட்டாசியத்தை விட்டுக்கொண்டிருக்கும், ஆழத்து வேரும் கொஞ்சம் மேலே கொண்டுவரும். புல்லும் கிடைக்கிறபோது தேவைக்கு மேலாக எடுத்துக்கொள்ளும், கிடைக்காதபோது குறைத்துக்கொள்ளும். அந்த நெகிழ்ச்சிதான் விவசாயியை நீண்ட காலம் ஏமாற்றுகிறது.

யூரியாவும் ஏமாற்றியது. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் றோட்டுத்தறைக்கு யூரியா மட்டும் போட்டார், அது ஒரு கிழமையில் பச்சையாக்கிக் காட்டும் என்பதால். நைதரசன் கிடைத்த புல் வேகமாக வளர்ந்து வேகமாகப் பொட்டாசியத்தை இழுத்தது. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தது. அந்த வருடம் நவம்பரில் தடையை நீக்கிய பிறகும் யூரியா நீண்ட காலம் எட்டாத விலையில்தான் இருந்தது. அந்த ஒன்றரை வருடம் புல் மெலிந்து வளர்ந்தது. மண் சற்று மூச்சு விட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். யூரியா திரும்பக் கைக்கு வந்து பழையபடி போடத் தொடங்கிய பிறகே இலை விளிம்பு தீய ஆரம்பித்தது என்று தேதி கேட்டுக் குறித்தபோது தெரிந்தது.

இனி வீட்டுத்தறை. அங்கேயும் அதே 160 கிலோ வெட்டுப்படுகிறது. ஆனால் அது நான்கு மாட்டின் வயிற்றுக்குள் போகிறது. பாலில் லீற்றருக்கு ஒன்றரைக் கிராம் பொட்டாசியம். நான்கு மாடு, நாளுக்கு ஆறு லீற்றர், முந்நூறு நாள் என்றால் 7200 லீற்றர் பால், அதில் 11 கிலோவுக்கும் குறைந்த பொட்டாசியம். மிச்சம் கிட்டத்தட்ட முழுவதும் சாணமாகவும் சலமாகவும் (மூத்திரமாகவும்) கொட்டிலிலேயே விழுகிறது. அதிலும் பெரும்பங்கு சலத்தில். சித்தப்பா 2014இல் கொட்டிலுக்குச் சீமெந்துத் தரை போட்டபோது சலம் ஓட ஒரு சிறு வாய்க்கால் விட்டிருந்தார், நாற்றம் வீட்டுப் பக்கம் வராமல் இருக்க. அது சரிவில் இறங்கி வீட்டுத்தறையின் மேல் வரம்பில் விழுகிறது. ஒரு வாய்க்கால்தான் அந்த ஏக்கரைக் காப்பாற்றியிருக்கிறது.

பால் விற்றால் 11 கிலோ போகிறது. புல் விற்றால் 160 கிலோ போகிறது.

பண்ணையில்

2024 மாசியில் சித்தப்பா கண் வைத்தியத்துக்குக் கொழும்பு வந்தார். மறுநாள் இருவரும் அந்தப் பண்ணைக்குப் போனோம். சுத்தமான பண்ணை, மாடுகள் நல்ல சதைப்பிடிப்பு. மேற்பார்வையாளர் மலையகத்துப் பையன், மரியாதையாகச் சுற்றிக் காட்டினார். பின்பக்கத் தகரக் கொட்டகையில் காய்ந்த சாணத்தைப் பைகளில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா வாய் தைத்துக்கொண்டிருந்தார், நீல நைலோன் நூலால், குறுக்குமறுக்காக.

"இது எங்கெங்க போகுது தம்பி?"

"பூக்கன்றுக் கடைங்களுக்குத்தான் மிஸ். வெள்ளவத்தை, தெஹிவளை, நுகேகொடை எல்லாம்."

"சலம்?"

"அது கழுவித் தள்ளிருவோம் மிஸ், கான் வழியா போயிரும்."

சித்தப்பா ஒரு பையிலிருந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் வைத்து விரலால் தேய்த்து, செமிக்காத புல் நாரை எடுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பண்ணையில் யாரும் பிழை செய்யவில்லை. காசு கொடுத்துப் புல் வாங்கினார்கள், காசுக்குச் சாணம் விற்றார்கள். வன்னியின் பொட்டாசியம் பாதி கொழும்பின் பூச்சாடிகளுக்கும் மிச்சம் கானுக்கும் போய்க்கொண்டிருந்தது. ஆண்டுக்கு 2400 மில்லிமீற்றர் மழை கொட்டும் கொழும்பில் அது அதிக நாள் தங்காது. கடலுக்குத்தான்.

பல்லாண்டுப் புல்லும் வறண்ட நிலமும் ஒத்துவாழ முடியாதவை அல்ல என்பதற்குத் தமிழ்நாட்டில் காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு சாட்சி. ஆண்டு மழை 700 மில்லிமீற்றரை எட்டாத மண். கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிவர முள்கிளுவை உயிர்வேலி. தலைமுறை தலைமுறையாக அங்கே மாடும் ஆடும் மேய்ந்து வருகின்றன. அங்கே புல்லை வெட்டி ஏற்றுவதில்லை. விலங்கு உள்ளே போய்த் தின்று அங்கேயே போட்டுவிட்டு வருகிறது. வேல மரம் நிழலோடு நெற்றும் தருகிறது. விளைச்சல் சி.ஓ.3இன் பக்கத்திலும் வராது. ஆனால் அந்த நிலத்துக்கு யாரும் பொட்டாசியக் கணக்குப் போட வேண்டியதில்லை.

செய்தவை

சாணத்தை ஓமந்தைக்குத் திருப்பி அனுப்ப முடியுமா என்று முதலில் கேட்டோம். வடக்கே போகும் லொறி நிறைந்துதான் போகிறது. எருவுக்கு இடமில்லை, கூலியும் கட்டாது. அதனால் விலையில் பேசினோம். ஒரு தொன் பச்சைப்புல்லோடு 4 கிலோ பொட்டாசியமும் 3 கிலோ நைதரசனும் போகின்றன. அதைத் திருப்பி வைக்க 8 கிலோ மியூரியேட் ஒப் பொட்டாஷ் என்ற பொட்டாசியப் பசளையும் ஆறரைக் கிலோ யூரியாவும் வேண்டும். அந்தப் பசளையின் அன்றைய விலையைப் புல் விலைக்கு மேல் தனி வரியாகச் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்தேன். அரை மணித்தியாலம் கதைத்து முக்கால்வாசிக்குச் சம்மதித்தார்கள். புல் விலை என்று ஒன்று பேசும்போது மண்ணின் விலையும் அதற்குள் இருக்கவேண்டும் என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டது எனக்குப் பெரிய ஆறுதல்.

காணியில் 2023 ஐப்பசியிலேயே வேலை தொடங்கியிருந்தது. றோட்டுத்தறையில் பாதியைக் கட்டையோடு கிளப்பி உழுந்து போட்டார். மறுபாதியில் புல் நிற்கிறது, ஆனால் ஆவணி வெட்டு இல்லை. கிணற்றுக்கும் வேருக்கும் ஓய்வு. வெட்டும்போது ஒரு சாண் கட்டை விடுகிறார்கள், முன்பு நிலத்தோடு சீவினார்கள். லொறி கேற்றுக்கு வெளியே நிற்கிறது, ஈரத்தில் உள்ளே வந்து மண்ணை அமத்துவதில்லை. வரம்பு நெடுகக் கிளிசிரிடியாத் தடி இரட்டை வரியாக ஊன்றியிருக்கிறார். இலையில் நைதரசன் நிறைய. மாடு முதல் நாள் மணத்துக்கே முகத்தைத் திருப்பியது, ஓர் இரவு வாட வைத்துப் போட்டபின் பழகிவிட்டது. அயலில் வைக்கோலை எரிக்கிறவர்களிடம் கேட்டு எடுத்து வந்து கொட்டிலில் சலத்தை உறிஞ்ச விரிக்கிறார். ஒரு தொன் வைக்கோலில் 15 கிலோ அளவில் பொட்டாசியம் இருக்கும். ஆனால் வயலுக்குத் திருப்பிப் போடுகிறவரிடம் அதை வாங்க வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். ஒரு காணியின் ஓட்டையை இன்னொரு காணியால் அடைப்பதில் என்ன இருக்கிறது.

2025 மாசி மாதிரியில் புல் நின்ற பாதிக்கு இன்னும் 'குறைவு' என்றே அச்சானது, எண் மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது. உழுந்துப் பாதி 'நடுத்தரம்'. புல்லின் கீழ் இலை விளிம்பு பச்சையாக இருக்கிறது.

உழுந்துப் பாதிக்கு வேறொரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. 2024 நவம்பர் கடைசியில், ஃபெங்கல் புயலாக மாறிய தாழமுக்கத்தோடு வந்த மழையில், சித்தப்பா குடையோடு வரம்பில் நின்று தொலைபேசியில் எனக்குக் காட்டினார். புல்லுப் பாதியிலிருந்து வந்த தண்ணீர் தேத்தண்ணிச் சாயம் போலத் தெளிந்து ஓடியது. பக்கத்திலேயே உழுந்துப் பாதியிலிருந்து வந்தது செங்கல் கரைத்த மாதிரி. ஐந்தாறு வருடம் புல் கட்டி வைத்த திரள் ஒரு வருட உழவில் எவ்வளவு கரைந்தது என்பதை நான் ஆய்வுகூடத்தில் பார்க்கவில்லை, அந்த வாய்க்காலில்தான் பார்த்தேன். உழுந்துக்கு மாறும்படி அறிவுரை சொன்னவள் நான்.

அடுத்த ஐப்பசியில் மற்றப் பாதியைக் கிளப்பும்போது முழுவதையும் கிளப்பப் போவதில்லை. சரிவுக்குக் குறுக்காக இருபது அடிக்கு ஒரு வரி புற்கட்டையை அப்படியே விட்டு, இடையில் மட்டும் கொத்தி உழுந்தோ பயறோ போடுவது என்று முடிவு. எந்த வரி நிற்கும், எந்த வரி போகும் என்று சித்தப்பா இப்போதே தடி நட்டுக் குறித்து, தடி முனையில் பழைய சைலேஜ் பைக் கீலங்களைக் கட்டி வைத்திருக்கிறார்.